கிழக்கு நோக்கிய கல்வாசல்

கோலார் தங்கவயல் என்றதும் பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் வரை இறங்கிய சுரங்கங்களே நினைவுக்கு வரும். 1880-களில் தொடங்கிய நவீனச் சுரங்கப் பணி 2001 பிப்ரவரி 28 அன்று முடிவுற்றது. நூற்றிருபது ஆண்டுக் காலம் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்தன. அந்த மண்ணைச் சுற்றியுள்ள பாறைக் குன்றுகளின் மீது வேறொரு செல்வம் இன்றும் கிடக்கிறது. அதைத் தோண்டி எடுக்க வேண்டியதில்லை. கண் திறந்து பார்த்தாலே போதும். பல நூற்றாண்டுகளுக்கு முன், எழுத்து என்பதே இம்மண்ணில் வழங்காத காலத்தில், மாந்தர் பலகை பலகையாகக் கல்லைப் பிளந்து எழுப்பிய கற்கூடங்களே அச்செல்வம்.

கோலார் மாவட்டத்தில் பங்காரப்பேட்டைக்கு அருகேயுள்ள ஹுன்குந்தா, ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலுள்ள இரளபண்டா, தமிழகத்தின் கிருஷ்ணகிரி மாவட்டத்திலுள்ள மல்லசந்திரம், மகாராஜகடை, மயிலாடும்பாறை ஆகியவை இத்தகைய இடங்கள். மூன்று மாநில எல்லைகள் இன்று இவற்றைப் பிரிக்கின்றன. கற்களை நட்டவர்களுக்கு அந்த எல்லைகள் இல்லை. தங்கவயலை நடுவில் வைத்துப் பார்த்தால் இவை யாவும் ஒரே பண்பாட்டின் பக்கங்களாகத் தோன்றும்.

கோயிலா, கல்லறையா?

ஊர் மக்கள் இவற்றைப் பாண்டவர் வீடு என்பர். குள்ளர் வீடு என்பாரும் உண்டு. ஆந்திரப் பகுதியில் 'பாண்டவ குள்ளு' என்ற பெயர் வழங்குகிறது. தெலுங்கில் 'குடி' என்றால் கோயில்; 'குள்ளு' என்பது அதன் பன்மை. வனவாசத்தின்போது பாண்டவர் ஐவரும் ஓரிரவில் கட்டித் தங்கிய இடங்கள் இவை என்பது செவிவழிச் செய்தி. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சித்தூர்ப் பகுதியின் கற்கூடங்களைப் பற்றி எழுதிய நியூபோல்ட் என்னும் ஆங்கிலேய அதிகாரியும் 'பாண்டவர்' பெயரோடும் 'தேவலம்' என்ற சொல்லோடும்தான் அவற்றைக் குறிப்பிட்டார்.

தொல்லியல் தரும் விடை வேறு. கற்கூடங்களின் உள்ளே அகழ்ந்தபோது மனித எலும்புகள், கறுப்பு-சிவப்பு மட்கலங்கள், இரும்புக் கருவிகள், மணிகள் ஆகியவை கிடைத்தன. பல இடங்களில் உடல் முழுமையாகப் புதைக்கப்படவில்லை. வேறிடத்தில் கிடத்தி, பின்னர் எலும்புகளைத் திரட்டிக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். சில கூடங்களில் ஒருவருக்கு மேற்பட்டோரின் எலும்புகள் உள்ளன. ஆகவே இவை இறந்தோருக்கான நினைவிடங்கள். பொதுவாகத் தென்னிந்தியப் பெருங்கற்காலம் கி.மு. 1200 அளவில் தொடங்கிக் கி.பி. முதல் நூற்றாண்டு வரை நீடித்தது எனக் கொள்வர். எனினும் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என 2022-இல் அறிவிக்கப்பட்டபின், தென்னகத்தில் இரும்பின் தொடக்கம் இன்னும் பின்னோக்கிச் செல்கிறது.

அப்படியானால் ஊரார் சொன்ன 'கோயில்' என்ற சொல் பிழையா? கட்டியவர் யார் என்பதில் செவிவழிச் செய்தி வரலாறாகாது. ஆனால் இந்நாட்டில் இறந்தோர் நினைவிடமும் வழிபாட்டிடமும் ஒன்றையொன்று தொட்டே வளர்ந்துள்ளன. போரில் வீழ்ந்தோருக்கு நடுகல் எடுத்து வழிபட்டதைச் சங்க நூல்கள் பலவாறு பேசுகின்றன. தொல்காப்பியம் கல்லைத் தேர்வதில் தொடங்கி வாழ்த்துவதில் முடியும் ஆறு நிலைகளை வகுத்துள்ளது. கல்லை நீராட்டுவதும் அவற்றுள் ஒன்று. இன்று கருவறைத் திருமேனிக்குச் செய்யும் கிரியைகளோடு இவ்வரிசையை ஒப்பிட்டால் ஒற்றுமை தெரியும். பிற்காலத்தில் சோழ மன்னர் அடக்கமான இடத்தின்மேல் பள்ளிப்படைக் கோயில்கள் எழுந்தன. காளத்திக்கு அருகே தொண்டைமானாட்டில் ஆதித்த சோழனுக்காக முதலாம் பராந்தகன் எடுப்பித்தது அவ்வகையினது. 'கோயில்' என்று ஊரார் சொன்னது இந்த நீண்ட மரபின் எதிரொலி என்று கொள்வதில் தவறில்லை.

வடிவங்கள் உணர்த்துவன

கற்கூடத்தின் அமைப்பு எளியது. நான்கு பலகைக் கற்களை நான்கு புறமும் செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரு பெரிய மூடுகல்லை ஏற்றினால் ஓர் அறை உருவாகும். தரைக்கு மேல் நிற்பதைக் கற்திட்டை என்றும், பெரும்பகுதி தரைக்குள் அமைந்ததைக் கற்பதுக்கை என்றும் அழைப்பர். அறையைச் சுற்றி உருண்டைக் கற்களாலோ பலகைக் கற்களாலோ வட்டம் அமைப்பதுண்டு. தரைக்கல்லும் பெரும்பாலும் ஒரே பலகைதான். கருங்கல் பாறை வெயிலிலும் மழையிலும் வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காகப் பிரியும் குன்றுகளையே அவர்கள் தேர்ந்தனர். கல் எடுத்த இடத்துக்கும் கட்டிய இடத்துக்கும் அதிகத் தொலைவில்லை.

இந்த எளிய அமைப்புக்குள் நான்கு கூறுகள் சிந்தனைக்குரியன.

முதலாவது, வட்டம். ஹுன்குந்தாவிலும் இரளபண்டாவிலும் நடு அறையைச் சுற்றிப் பலகைக் கற்களையே வேலிபோல் நட்டிருக்கிறார்கள். இரளபண்டாவில் ஒன்றினுள் ஒன்றாக மூன்று வட்டங்கள் உள்ளன. கட்டுமான உறுதிக்கு இத்தனை வட்டங்கள் தேவையில்லை. உள்ளே இருப்பதை வெளியுலகிலிருந்து பிரித்துக் காட்டும் எல்லையாகவே அவற்றைக் கொள்ள முடியும். பிற்காலத் தூபியின் வேலியும், கோயிலின் பிராகாரங்களும் இதே பணியைச் செய்கின்றன: அடியெடுத்து வைப்பவனை, இங்கே நடையை மாற்று என்று அவை சொல்கின்றன.

இரண்டாவது, வளைந்த தலை. வெளி வட்டத்துப் பலகைகளில் சில, மேல் விளிம்பில் அரைவட்டமாகச் செதுக்கப்பட்டவை, அடுத்தது தட்டையானது, மீண்டும் வளைந்தது. தமிழகத்தில் திருவண்ணாமலை மாவட்டம் மோட்டூரிலும், விழுப்புரம் பகுதியில் உடையார்நத்தத்திலும் தலையும் தோளும் விரிந்த மனித உருப்போன்ற பெரும் பலகைக் கற்கள் கல்வட்டத்துள் நிற்கின்றன. உடையார்நத்தத்துக் கல்லை ஊரார் விசிறிப்பாறை என்பர். அவை தாய்த்தெய்வத்தைக் குறிப்பன என்பாரும், இறந்த முன்னோரைக் குறிப்பன என்பாரும் உளர். வளைந்த பலகையும் அத்தகைய உருவத்தின் சுருக்கமாக இருக்கலாம். எதைக் குறித்தாலும் ஒன்று மட்டும் தெளிவு. உளி கொண்டு கருங்கல்லின் விளிம்பை வளைப்பது கடும் உழைப்பு. பயன் கருதாது, பொருள் கருதியே அவ்வுழைப்பை மேற்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாவது, சுவஸ்திக அமைப்பு. சித்திரதுர்க்க மாவட்டத்துப் பிரம்மகிரியில் 1947-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வு இதனைத் தெளிவாகக் காட்டியது. அறையின் நான்கு பலகைகளும் மூலையில் முடிந்துவிடாமல், ஒவ்வொன்றும் அடுத்ததைத் தாண்டி ஒரு பக்கம் நீண்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் சுவஸ்திகம் தோன்றும். இதற்கு ஒரு பொறியியல் காரணமும் உண்டு. வெளியே குவித்த மண் உள்நோக்கி அழுத்தும்போது ஒரு பலகை அடுத்த பலகையைத் தாங்கிக்கொள்ளும். எந்தப் பலகையும் உள்ளே சரியாது. மங்கலச் சின்னம் என்ற கருத்து முதலில் தோன்றியதா, கட்டுமான உத்தி முதலில் தோன்றியதா என்று கற்கள் சொல்வதில்லை. பயனும் பொருளும் ஒரே வடிவத்தில் கூடி நிற்கின்றன என்ற அளவில் நிற்பதே நேர்மை.

நான்காவது, இடுதுளை. அறையின் ஒரு பலகையில் வட்டமாகவோ நீள்வட்டமாகவோ ஒரு துளை இருக்கும். அதன் வழியே எலும்புகளையும் படையல்களையும் உள்ளே வைத்திருக்கலாம். இறந்தவருக்கு மூடிய அறையில் எதற்கு வாசல்? உள்ளே சென்றவர் மீண்டும் வருவார் என்ற நம்பிக்கை இருந்திருக்கலாம். அவருக்குக் காற்றும் ஒளியும் உணவும் வேண்டும் என்ற அன்பு இருந்திருக்கலாம். அத்துளையைக் கருப்பையின் வாயிலாகக் காண்பாரும் உண்டு. முதுமக்கள் தாழிக்குள் முழங்காலை மடித்துக் கருவிலுள்ள குழந்தைபோல் உடலை வைத்த வழக்கத்தோடு இக்கருத்து இயைந்து போகிறது. கோயிலின் உள்ளறையைக் 'கருவறை' என்று அழைக்கும் மொழியில் இவ்வெண்ணம் அந்நியமானதன்று.

கிழக்கும் ஞாயிறும்

பிரம்மகிரியின் இடுதுளைகள் கிழக்கு நோக்கியவை. தென்னிந்தியாவின் பல இடங்களில் கிழக்கே மிகுதியாகக் காணப்படுகிறது. தெற்கு, மேற்கு நோக்கியவையும் உண்டு. இதிலிருந்து பெருங்கற்கால மக்கள் வானத்தை அளந்தனர் என்று முடிவு கட்டலாமா? இக்கேள்விக்கு விடை காணச் சிறிது கணக்குத் தேவை.

ஞாயிறு நாள்தோறும் ஒரே புள்ளியில் உதிப்பதில்லை. மார்ச், செப்டம்பர் மாதங்களின் சமநாட்களில் மட்டுமே நேர்கிழக்கில் உதிக்கும். ஜூன் 21 அளவில் வடகோடியையும், டிசம்பர் 22 அளவில் தென்கோடியையும் தொட்டுத் திரும்பும். தங்கவயல் ஏறத்தாழ 13 பாகை வட அகலாங்கில் உள்ளது. அங்கே இக்கோடிகள் நேர்கிழக்கிலிருந்து இருபுறமும் 24 பாகை தள்ளி அமையும். அதாவது ஆண்டு முழுவதும் உதயம் நிகழும் வில் 48 பாகை அகலம் மட்டுமே. வடக்கே இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் பகுதியில் இந்த வில் 80 பாகையை நெருங்குகிறது. வெப்பமண்டலத்தில் வாழ்வோருக்கு ஞாயிற்றின் இயக்கம் அடிவானத்தில் குறுகியும், உச்சியில் விரிந்தும் தோன்றும். தங்கவயலில் ஏப்ரல் 24, 25 அளவிலும் ஆகஸ்ட் 18 அளவிலும் நண்பகலில் ஞாயிறு நேர் உச்சிக்கு வந்துவிடுவதால், நட்ட கல்லுக்கு நிழலே விழாது. நிழலற்ற அந்நாளை நெடுங்கல் வைத்திருந்த எந்தச் சமூகமும் கண்டிருக்கும்.

அடிவானம் முழுவதும் 360 பாகை. கண்ணை மூடிக்கொண்டு வாசலை எத்திசையில் வைத்தாலும், அது 48 பாகை உதய வில்லுக்குள் விழுவதற்கு ஏறத்தாழ ஏழில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆகவே ஒரேயொரு கற்கூடம் உதயத்தை நோக்குகிறது என்பதால் ஒன்றும் நிறுவப்படாது. ஆனால் ஒரே இடத்தில் நூறு கூடங்கள் இருந்து அவற்றுள் மிகப் பல அவ்வில்லுக்குள் நின்றால், அது தற்செயலாக இருக்க இயலாது. அங்கே நோக்கம் உள்ளது. ஒவ்வொரு வாசலும் வில்லுக்குள் வெவ்வேறு புள்ளியைக் காட்டினால், கட்டிய நாளின் உதயத்தைப் பார்த்தே திசை குறித்தார்கள் என எண்ண இடமுண்டு. உலகின் வேறு பல பகுதிக் கல்லறைகளைப் பற்றியும் ஆய்வாளர் இக்கருத்தைக் கூறியுள்ளனர்.

அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் இதற்கு நல்லதொரு சான்று. ஏறத்தாழ 5,200 ஆண்டுகளுக்கு முன் எழுந்த அக்கல்லறையின் வாசலுக்கு மேல் தனியாக ஒரு சாளரம் அமைந்துள்ளது. ஆண்டின் மிகக் குறுகிய பகற்பொழுதையுடைய நாட்களில் மட்டும் உதய கதிர் அச்சாளரம் வழியே நீண்ட பாதையைக் கடந்து உள்ளறையைத் தொடுகிறது. பதினேழு நிமிடம் போல் நின்று அகல்கிறது. ஒளி மிகவும் தளர்ந்த நாளே அதன் வளர்ச்சி தொடங்கும் நாள். இறந்தோர் உறங்கும் அறைக்குள் அந்நாளின் கதிரை அழைத்தவர்கள் எதை நம்பினார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. மால்டாத் தீவின் முனைத்ரா என்னும் கற்கோயிலில் சமநாளின் உதயம் வாசலின் நடுவே உள்நுழைகிறது.

நெடுங்கற்களின் வரிசை

கற்கூடங்களைவிடத் தெளிவான வானியல் சான்று, நட்டு நிறுத்திய நெடுங்கற்களிடமிருந்து கிடைத்துள்ளது. கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் பைசே, நிலஸ்கல் என இரு இடங்கள் உண்டு. 'நிலஸ்கல்' என்பதே நின்றிருக்கும் கல்லைக் குறிக்கும் பெயர். அங்குள்ள கற்களை ஸ்ரீகுமார் மேனன், மயங்க் வாஹியா முதலிய ஆய்வாளர் அளந்தனர். இணை இணையாகக் கற்களைச் சேர்த்துப் பார்க்கும்போது, ஞாயிறு தன் வட, தென் கோடிகளைத் தொடும் நாட்களின் உதயத்தையும் மறைவையும் சில இணைகள் சுட்டுவதை அவர்கள் கண்டனர். ஒரு கல்லின் அருகே நின்று இன்னொரு கல்லின் விளிம்பைப் பார்ப்பவனுக்கு நாள் தெரியும். யாத்கிர் மாவட்டத்து விபூதிஹள்ளியில் உருண்டைப் பாறைகள் வரிசை வரிசையாகக் கட்டம்போல் பரப்பப்பட்டுள்ளன. அவ்வகைக் கல் வரிசைகள் வானை நோக்கப் பயன்பட்டிருக்கலாம் எனப் பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த என். காமேஸ்வர ராவ் ஆராய்ந்து எழுதினார்.

தெலங்காணாவில் கிருஷ்ணை ஆற்றங்கரையிலுள்ள முடுமல் இன்னும் வியப்புக்குரியது. பத்தடிக்கு மேல் உயர்ந்த நெடுங்கற்கள் பல அங்கே நிற்கின்றன. ஊரார் அவற்றை 'நிலுராள்ள திம்மப்பா' என்று போற்றுகின்றனர். ஒரு கல்லை எல்லம்மாவாக வழிபடுகின்றனர். அங்குள்ள ஒரு கல்லில் குழிகளாகக் குடைந்த புள்ளிகள் சப்தரிஷி மண்டலத்தின் வடிவில் அமைந்துள்ளன என்பதைப் பேராசிரியர் கே.பி. ராவ் எடுத்துக்காட்டினார். 2025-இல் இவ்விடம் யுனெஸ்கோவின் உத்தேச உலக மரபுச் சின்னங்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அக்காலத்தில் வடதுருவப் புள்ளியில் இன்றுள்ளதுபோல் ஒளிமிக்க துருவ மீன் இல்லை. சப்தரிஷிகளோ இன்றைக்கு இருப்பதைவிடத் துருவத்துக்கு அருகில் சுழன்றனர். வடதிசை அறிய விரும்பியவர் அம்மண்டலத்தைக் கல்லில் பதித்து வைத்ததில் வியப்பில்லை.

நட்ட கல்லும் வட்டமும் சேர்ந்தால் ஒரு கருவி பிறக்கும் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. கோல் ஒன்றை நட்டு, அதனைச் சுற்றி வட்டம் வரைந்து, காலையிலும் மாலையிலும் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இரு புள்ளிகளை இணைத்தால் கிழக்கு-மேற்குக் கோடு கிடைக்கும். காத்யாயன சுல்ப சூத்திரம் வேள்விக் களம் அமைக்க இம்முறையைக் கூறுகிறது. சிற்ப நூல்கள் கோயில் மனை வகுக்க இதனையே சங்குத் தாபனம் என்று கொண்டன. கல்வட்டங்கள் இவ்வாறு பயன்பட்டதற்கு நேர்ச்சான்று இல்லை. எனினும், இந்நாட்டில் திசையறிய நட்ட கோலின் நிழல் பயன்பட்டது என்பது உறுதி.

ஆர்வமும் விவேகமும்

முன்னோர் பெருமை பேசுவது இனிது. அது உண்மையின் மீது நிற்கும்போதுதான் நிலைக்கும். கற்களின் வானியலை ஆராய்வோர் மூன்று இடர்களை மனத்திற் கொள்கின்றனர். ஒன்று, கற்கள் சாய்ந்திருக்கலாம். புதையல் தேடியோ உழவு செய்தோ பிறர் இடம் மாற்றியிருக்கலாம். இரண்டு, அடிவானத்தில் மலை இருந்தால் உதயப் புள்ளி மாறும். மூன்று, பல கற்கள் உள்ள இடத்தில் எந்த இரண்டையும் இணைத்துக் கோடு போட்டால், அவற்றுள் சில தற்செயலாகவே ஏதேனும் ஒரு விண்மீனைச் சுட்டும்.

காலத்தையும் கருத வேண்டும். பூமியின் அச்சுச் சுழற்சியால் ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் விண்மீன்களின் நிலை பெயர்கிறது. அதனால்தான் ஞாயிறு வடக்கு நோக்கித் திரும்புவது டிசம்பர் 22 அளவில் நிகழ்ந்தாலும், மகர சங்கராந்தி ஜனவரி 14 அளவில் வருகிறது. பெங்களூரு கவி கங்காதரேசுவரர் குகைக்கோயிலில் சங்கராந்தி மாலை ஞாயிற்றின் கதிர் நந்தியின் கொம்புகளினிடையே புகுந்து இலிங்கத்தைத் தொடுவதைக் காண ஆண்டுதோறும் மக்கள் கூடுகின்றனர். அந்நாளை மூவாயிரம் ஆண்டுப் பழமையான கல்லில் தேடினால் கிடைக்காது. விண்மீன் உதயங்களும் அத்தனை காலத்தில் வெகுவாக இடம் மாறியிருக்கும். ஆனால் ஞாயிற்றின் வட, தென் கோடி உதயங்கள் மூவாயிரம் ஆண்டில் ஞாயிற்று வட்டின் அகலத்தளவுகூடப் பெயரவில்லை. ஆதலால் கற்களிடம் ஞாயிற்றைப் பற்றிக் கேட்பது நம்பத்தக்கது. விண்மீன்களைப் பற்றிக் கேட்கும்போது மிகுந்த எச்சரிக்கை வேண்டும்.

எழுத்தும் கருவியும் இல்லாதவர் வானைக் கணக்கிட்டிருக்க முடியுமா என்று ஐயுறுவோருக்குத் தங்கவயலின் வரலாறே ஒரு விடையை வைத்திருக்கிறது. 1802-இல் மைசூர் எல்லையை அளக்க வந்த ஜான் வாரன் என்ற அதிகாரி, ஊரிகம், மாரிகுப்பம் சிற்றூர்களில் மக்கள் மண்ணைக் கழுவித் தங்கம் எடுப்பதைக் கண்டு எழுதி வைத்தார். பிற்காலச் சுரங்கங்களுக்கு அக்குறிப்பே வித்தாயிற்று. அவரே பின்னர் சென்னை வானாய்வு நிலையத்தின் பொறுப்பை ஏற்று, தென்னிந்தியக் காலக் கணக்குகளைத் திரட்டி 1825-இல் 'கால சங்கலித' என்னும் நூலை வெளியிட்டார். புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர், எழுதுகோலைத் தொடாமல், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டே, அவ்வாண்டு மே இறுதியில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை அந்நூலில் பதிவு செய்தார். தொடக்க நேரத்தில் நான்கு நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமுமே பிழை. 1952-இல் ஓட்டோ நியூகபவர் என்ற கணித வரலாற்றறிஞர் அக்கணக்கை ஆராய்ந்து அதன் பழமையை விளக்கினார்.

இதனால் பெருங்கற்கால மக்கள் கிரகணத்தைக் கணித்தார்கள் என்று ஆகாது. ஆனால் ஓர் உண்மை விளங்குகிறது. சோழிகள் தரையில் கிடப்பதை மட்டும் பார்த்த ஒருவனுக்கு அவை வெறும் சோழிகளே. அறிவு அவற்றை வைத்த மனத்தில் இருந்தது. கற்களும் அப்படியே. நட்டவர் மனத்திலிருந்த பாட்டும் கணக்கும் மந்திரமும் மறைந்தன; கற்கள் மட்டும் எஞ்சின. எஞ்சியதைக் கொண்டு மறைந்ததை மிகைப்படுத்துவதும் பிழை. எஞ்சியது எளியது என்பதால் மறைந்ததை இகழ்வதும் பிழை.

பொன்னைத் தேடி உடைபடும் கற்கள்

இக்கற்கள் இன்று பெரும் ஆபத்தில் உள்ளன. இவற்றைக் காலம் அழித்ததைவிட மனிதக் கை அழித்தது மிகுதி. பாண்டவர் பொன்னைப் புதைத்து வைத்தார்கள் என்ற கதையை நம்பி இரவில் தரைக்கல்லைப் பெயர்ப்போர் உண்டு. அவர்களுக்குக் கிடைப்பன உடைந்த பானையும் துருப்பிடித்த இரும்புமே. ஆனால் பெயர்த்த அக்கணமே அக்கூடத்தின் திசையும் காலமும் என்றென்றைக்குமாக அழிந்துவிடுகின்றன. மறுபுறம், அதே கருங்கல்லுக்காகக் குன்றுகள் வெட்டப்படுகின்றன. பலகை பலகையாகப் பிரியும் பாறை என்பதால் முன்னோர் தேர்ந்த குன்றையே, அதே காரணத்துக்காக இன்றைய கல்குவாரியும் தேர்கிறது.

சட்டம் உண்டு. 1958-ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டமும் 2010-இல் அதற்குச் செய்த திருத்தமும், மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதுக்கட்டுமானத்தைத் தடை செய்கின்றன; அதற்கப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்படுத்துகின்றன. ஆனால் பட்டியலில் சேராத குன்றுகள் பல. அங்கே காவல் என்பது அருகிலுள்ள ஊரின் மனச்சான்று மட்டுமே. ஒரு கல்லைச் சாமியென்று மஞ்சள் பூசி வணங்கும் ஊரில் அக்கல் பிழைத்துக்கொள்கிறது. முடுமலில் நெடுங்கற்கள் நின்றிருப்பதற்கு ஊராரின் பக்தியும் ஒரு காரணம். அறிஞரின் அளவுகோலும் ஊராரின் கைகூப்பும் இங்கே எதிரிகளல்ல. ஒன்றையொன்று காக்க வேண்டியவை.

சாதகனுக்கு ஒரு பாடம்

தங்கவயலின் ஆழ்சுரங்கம் ஒன்றில், தரைக்குக் கீழே 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், 1965-இல் இந்திய விஞ்ஞானிகள் வெளிநாட்டு அறிஞரோடு சேர்ந்து, வான்கதிர்கள் காற்றுமண்டலத்தில் மோதிப் பிறக்கும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடத்தைக் கண்டனர். மேலே உள்ள பாறை மற்றத் துகள்களையெல்லாம் வடிகட்டிவிட்டதால், ஆழத்தின் அமைதியில்தான் வானத்தின் அந்த மெல்லிய செய்தி கேட்டது. அதே மண்ணின் மேற்பரப்பில், மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன், தம் அன்புக்குரியவரின் எலும்புகளைக் கல்லறைக்குள் வைத்தவர்கள் ஒளி வரும் திசையில் ஒரு துளை விட்டார்கள். இருவரும் இருளுக்குள் இருந்தே ஒளியை நோக்கினர்.

கற்கள் வானியற் கூடங்களா என்ற வினாவுக்குச் சில இடங்களில் 'ஆம்' என்றும், பல இடங்களில் 'இன்னும் அளக்க வேண்டும்' என்றும் விடை வரும். ஆனால் அவற்றின் அடிப்படைச் செய்தி அளவுகோலுக்குக் காத்திருக்கவில்லை. மாந்தர் மரணத்தைக் கண்டு அஞ்சி ஓடவில்லை. அதனை வட்டமிட்டு, வாசல் வைத்து, கிழக்கை நோக்கித் திருப்பினார்கள். தாம் குடியிருந்த குடிசைகளை மண்ணாலும் கழியாலும் கட்டிக்கொண்டு, முன்னோருக்குரிய வீட்டை மட்டும் கல்லால் கட்டினார்கள். நிலையாதது எது, நிலைப்பது எது என்ற பாகுபாடு அவர்களிடம் சொல்லாக அன்று, செயலாக இருந்தது. பொன் எடுத்த சுரங்கங்கள் மூடப்பட்டுவிட்டன. விடியலை நோக்கித் திறந்த அந்தக் கல்வாசல்கள் மூடப்படவில்லை. அவற்றின் வழியே நாள்தோறும் கதிர் உட்புகுகிறது.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. ஊரார் வழங்கும் 'பாண்டவர் கோயில்' என்ற பெயரில் எது வரலாறு, எது நம்பிக்கை? இரண்டையும் மதிக்கும் வழி என்ன?

2. ஒரு கற்கூடம் கிழக்கு நோக்குவதும், நூறு கற்கூடங்கள் கிழக்கு நோக்குவதும் சான்று என்ற வகையில் எவ்வாறு வேறுபடுகின்றன?

3. சுவஸ்திக அமைப்பில் பயனும் பொருளும் கூடி நிற்பதுபோல், அன்றாட வழிபாட்டில் அவ்வாறு கூடி நிற்பன எவை?

4. தத்தம் ஊரின் அருகே கற்திட்டையோ கல்வட்டமோ நடுகல்லோ உண்டா? அதனைக் காக்க அன்பர்கள் கூடிச் செய்யக்கூடியது யாது?